ஐந்தாம் பாடத்தில் ஓர் அண்ணன்

ஜூன் 4

பாட ஆசிரியர் எண் 6 அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் எண் 2214 எழுதுவது.

நான் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கம்பெனி புதிதாக இறக்கியிருக்கும் லிஃப்டுகளோடு வந்த புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அதனால் எங்களில் எட்டுப் பேரை உங்கள் தபால்வழி ஆங்கிலப் படிப்பில் கம்பெனியே சேர்த்துவிட்டது. ஆகஸ்டில் தேர்வு. முதலாவதாக வருகிறவருக்கு மேற்பார்வையாளர் வேலை. இதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லாத கதைதான். யாருக்குப் பதில் எழுதுகிறோம் என்று தெரிய வேண்டுமே என்று சொல்கிறேன். ஒருவேளை ஏற்கெனவே தெரிந்தும் இருக்கலாம்.

என் சந்தேகம் இலக்கணத்தில் இல்லை.

மூன்றாம் பாடத்தில், வினைச்சொல் என்றால் ஒருவர் செய்வதை மட்டும் சொல்வதல்ல, ஒருவர் இருக்கும் நிலையையும் சொல்லும் என்று எழுதிவிட்டு மூன்று உதாரணம் கொடுத்திருக்கிறீர்கள். தமிழில் சொன்னால்: 'அப்பா நன்றாக இருக்கிறார். அவர் சாப்பிட்டுவிட்டார். அவர் தூங்குகிறார்.' இதே மூன்று வாக்கியம், இதே வரிசையில், ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் இன்னொருவரிடம் ஃபோனில் சொன்னவை. சொன்னவரையும் கேட்டவரையும் தவிர இது மூன்றாம் பேருக்குத் தெரியாது.

தற்செயல் என்று விட்டுவிட்டேன். நாலாம் பாடத்தில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் வந்தான். கிரீஸ் கையோடு சுவரைத் தொடுகிறானாம், அவன் அம்மா திட்டுகிறாளாம். அதையும் விட்டேன். ஐந்தாம் பாடம் வந்தது. 'சொல்' என்கிற வினை எப்படியெல்லாம் உருமாறும் என்று காட்ட நீங்கள் எடுத்துக்கொண்ட வாக்கியம், 'என் அண்ணன் என்னிடம் பொய் சொல்கிறான்.'

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டோர் ரூமில் எட்டுப் பேரும் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பது எங்கள் வழக்கம். அண்ணன் பொய் சொல்கிறான், அண்ணன் பொய் சொன்னான், அண்ணன் பொய் சொல்லியிருக்கிறான், அண்ணன் பொய் சொல்லுவான். ஏழு பேர் கோரஸாகச் சொல்கிறார்கள். எட்டாவது ஆளாக நானும் சேர்ந்து சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஏன் என்று கேட்பார்களே.

இந்த வாக்கியங்களை எங்கிருந்து எடுத்தீர்கள்? சுற்றி வளைக்காமல் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
மாணவர் எண் 2214


ஜூன் 11

மாணவர் எண் 2214 அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பாடங்களில் வரும் அப்பா, அண்ணன், மெக்கானிக் எல்லோரும் கற்பனை ஆட்கள். கோடிக்கணக்கான பேருக்கு அண்ணன் உண்டு. அவர்களில் பொய் சொல்கிறவர்களும் கணிசம். படித்ததும் ஒருவருக்கு மட்டும் உறுத்தினால் அதற்குப் பாடம் பொறுப்பாகாது.

தங்கள் விடைத்தாளில் ஐந்தாம் பாடம், மூன்றாம் பயிற்சியில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். இடத்தை நிரப்பச் சொன்ன பத்து வாக்கியங்களில் ஒன்பதை நிரப்பிவிட்டு ஒன்றை மட்டும் தாண்டிப் போயிருக்கிறீர்கள். எதைத் தாண்டினீர்கள் என்று இருவருக்கும் தெரியும். 'சொல்' என்ற வினையை இறந்த காலத்தில் எழுதினால் போதும். தெரியாததால் விட்டீர்களா, தெரிந்ததால் விட்டீர்களா?

ஆறாம் பாடத்துக்கு முன்னோட்டமாக ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் வயதான பெண்மணி ஒருவர் இருந்தால், அவர் எப்படி இருக்கிறார்? முழு வாக்கியத்தில் பதில் எழுதவும். மதிப்பெண் உண்டு.

இப்படிக்கு,
பாட ஆசிரியர் எண் 6


ஜூன் 17

வாலு,

போதும். எண்ணும் வேண்டாம், அவர்களும் வேண்டாம். உன்னைச் சின்ன வயதில் வாலு என்று கூப்பிட்டவன் நான். நீ எத்தனை நம்பருக்குப் பின்னால் ஒளிந்தாலும் அந்த வால் வெளியே தெரிகிறது. 'மதிப்பெண் உண்டு' என்று மிரட்டுகிற ஆள் நீ ஒருத்திதான். பத்து வயதிலேயே நான் சைக்கிள் ஓட்டும் அழகுக்கு மார்க் போட்டவள்.

ஆறு வருடமாக என் வாசலை மிதிக்கவில்லை. என் குரலைக் கேட்டால் ஃபோனை வைத்துவிடுகிறாய். இப்போது தபாலில் சிவப்பு மையோடு வந்து நிற்கிறாய். நான் இந்தப் படிப்பில் சேர்ந்தது தெரிந்துதானே பாடத்தை அப்படி எழுதினாய்? என்னுடைய ஏழு சகாக்கள் முன்னால் என்னைக் கூண்டில் ஏற்ற இது ஒரு வழியா? கம்பெனியிடம் கேட்டு என் பெயரை வாங்கினாயா? யார் கொடுத்தார்கள்? உன் பயிற்சி நிலையத்தின் தலைவருக்கு எழுதினால் உன் வேலைக்கு வேட்டு என்பது உனக்குத் தெரியும். எழுதுவேன் என்று சொல்லவில்லை. எழுத முடியும் என்று சொல்கிறேன். உன் ஐந்தாம் பாடத்திலேயே இந்த இரண்டுக்கும் வேறு வேறு துணைவினை கொடுத்திருக்கிறாய்.

கேட்ட கேள்விக்குப் பதில்: அம்மா நலம்.

அண்ணன்


ஜூன் 24

அண்ணா,

உன்னை முதல் விடைத்தாளிலேயே கண்டுபிடித்துவிட்டேன். ஓரத்தில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை. வாக்கியம் முடிந்ததும் முற்றுப்புள்ளிக்குப் பதில் ஒரு சின்ன வட்டம். அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பாடங்களை எழுதியது மூன்று வருடத்துக்கு முன்னால். உனக்காக எழுதவில்லை. வினைச்சொல்லுக்கு மட்டும் அறுநூறு உதாரண வாக்கியம் கேட்டார்கள். முதல் நூறில் சூரியன் உதிக்கும், பறவை பறக்கும். அதற்குப் பிறகு உலகத்தில் உள்ள வினையெல்லாம் தீர்ந்துவிடும். இருநூறைத் தாண்டினால் உன் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து வரிசையில் நிற்பார்கள். நீ எழுதிப் பார், தெரியும். நான் கூப்பிடாமலே நீயும் வந்தாய், கிரீஸ் கையோடு. துரத்த மனம் வரவில்லை. பொய் சொன்ன அண்ணனும் கூடவே வந்தான். அவனையும் துரத்தவில்லை.

நீ இந்தப் படிப்பில் சேருவாய் என்று கனவா கண்டேன்? எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. ஊரில் இத்தனை ஆங்கிலப் படிப்பு இருக்க, உன் கம்பெனி என் நிலையத்தைத் தேடிப் பிடித்தது எப்படி? நீ சொல்லித்தானே? என்ன உளவு பார்க்க வந்தாய்?

இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். நேராகவே கேட்கிறேன். அப்போது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. அதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்திருந்தேன். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு உங்கள் கட்டடத்துக் கீழே இருக்கும் கடைக்கு ஃபோன் போட்டேன். நீ எடுத்தாய். "அப்பா நல்லா இருக்காரு" என்றாய். "சாப்டாரா?" என்று கேட்டேன். "சாப்டாரு. தூங்குறாரு" என்றாய். அப்பா அன்று காலை எட்டு மணிக்கே போய்விட்டார் என்று எனக்குத் தெரிந்தது பத்து வாரம் கழித்து, கையில் மூன்று வாரக் குழந்தையோடு. அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் உரிமையை என்னிடமிருந்து நீ பிடுங்கிக்கொண்டாய். ஏன்? ஆறு வருடமாக இந்த ஒரு கேள்விதான். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அம்மாவிடமும் மாதா மாதம் கேட்கிறேன். நாலு வரியில் பதில் வருகிறது. முட்டி வலிக்கிறது, மழை பெய்கிறது, குழந்தை வளர்ந்திருப்பாள், உடம்பைப் பார்த்துக்கொள். கேட்ட கேள்வி கிணற்றில் போட்ட கல். யாரோ பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதியது போல இருக்கிறது. என் கடிதங்கள் அம்மா கைக்குப் போகின்றனவா? போகும் முன் யார் பிரிக்கிறார்கள்?

'அம்மா நலம்' என்று எழுதியிருக்கிறாய். நீ சொல்லும் 'நலம்' என்ன விலை என்று எனக்குத் தெரியும்.

ஃபோன் செய்யாதே. உன் குரலை நம்பி ஒரு தடவை ஏமாந்தது போதும். எதுவானாலும் எழுத்தில் கொடு.

தங்கை


ஜூலை 1

வாலு,

தபால் பெட்டியின் சாவி அம்மாவின் இடுப்பில் இருக்கிறது. உன் கடிதத்தின் உறையைக்கூட நான் தொட்டதில்லை. அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்து எழுத வேண்டுமா? அவள் இருபத்திரண்டு வருடம் டைப்பிஸ்ட். அதிகாரிகள் சொல்லச் சொல்ல அடித்துச் சலித்துப்போய், இப்போது யார் என்ன சொன்னாலும் எழுத மாட்டேன் என்கிற பிடிவாதம் வந்துவிட்டது. மருந்துச் சீட்டில் கையெழுத்து வாங்கவே நான் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது.

உன் நிலையத்தை நான் தேடவில்லை. எல்லாவற்றிலும் குறைந்த கட்டணம் உன்னுடையதுதான், அதனால் கம்பெனி பிடித்தது. பெருமைப்பட்டுக்கொள்.

ஏன் சொன்னேன் என்று கேட்கிறாய். ஒரு காரணமும் இல்லை. அந்த நேரத்தில் அப்படித் தோன்றியது, சொன்னேன். இதைத் தோண்டாதே. தோண்டினால் இதற்கு மேல் ஒன்றும் வராது.

பாடத்துக்கு வருகிறேன். எனக்கு உன் ஆங்கில வினை பிடிபட மறுக்கிறது. தமிழில் 'சொன்னேன்' என்றால் அதிலேயே நான் இருக்கிறேன். 'சொன்னாள்' என்றால் வாலைப் பிடித்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். இங்கே 'டோல்ட்' என்று ஒரு சொல், மொட்டையாக நிற்கிறது. நான் சொன்னாலும் அதுதான், நீ சொன்னாலும் அதுதான், ஊரே சொன்னாலும் அதுதான். செய்தவனை வெளியே நிறுத்திவிட்டு வினை மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. மோட்டார் ஒரு கட்டடத்திலும் லிஃப்ட் இன்னொரு கட்டடத்திலும் இருப்பது போலத் தோன்றுகிறது. எதை எதோடு மாட்டுவது?

சமையல் மேடையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு சத்தமாகப் படிக்கிறேன். அம்மா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். உன் பெயர் புத்தகத்தில் இல்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் பாடம் படித்த அன்றைக்கு, "இத யாரு எழுதுனது?" என்று கேட்டாள். ஏதோ ஆறாம் நம்பர் என்றேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

விட்டுப்போன வாக்கியத்தை நிரப்பிவிட்டேன். விடைத்தாள் மேஜைமேல் இருக்கிறது. ஏழாவது மாடியில் லிஃப்ட் நின்றுபோனதாக இப்போது ஆள் வந்திருக்கிறது, நான் கிளம்புகிறேன். அம்மா தாளை உறையில் போட்டு அனுப்பிவிடுவாள். இந்தக் கடிதத்தை நான் கையோடு கொண்டுபோய்ப் போடுகிறேன்.

அம்மா நலம்.

அண்ணன்


ஜூலை 9

அண்ணா,

விடைத்தாள் வந்தது. உன்னால் இவ்வளவு தூரம் இறங்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

நான் கொடுத்திருந்த வாக்கியம், 'என் அண்ணன் என்னிடம் பொய் ____.' நீ உன் கையால் 'டோல்ட்' என்று சரியாக நிரப்பியிருக்கிறாய். ஆனால் 'என் அண்ணன்' என்று அச்சில் இருந்ததை யாரோ அடித்துவிட்டு, மேலே 'என் அம்மா' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள்.

கோடு போட்டு அடிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தின் மேலும் சின்னச் சின்னப் பெருக்கல் குறி, வரிசை பிசகாமல். டைப் மெஷினில் தப்பு விழுந்தால் எக்ஸ் எக்ஸ் என்று அடித்து மறைப்பார்களே, அதைக் கையாலேயே செய்கிற ஆள் உலகத்தில் ஒருத்திதான். கடைச் சீட்டிலும் அப்படித்தான் அடிப்பாள்.

அம்மாவின் கையைப் பிடித்து எழுத வைத்தாயா? "நீ ஏத்துக்கோம்மா, உன் மேல அவ கோபப்பட மாட்டா" என்று கெஞ்சினாயா? கேட்ட கேள்விக்கு ஆறு வருடம் கழித்துக் கிடைத்த பதில் இதுதானா, வயதான பெண்மணியை முன்னால் தள்ளிவிட்டு முதுகுக்குப் பின்னால் நிற்பது?

நீ கேட்டாயே, செய்தவனை ஏன் வெளியே நிறுத்துகிறார்கள் என்று. இதற்காகத்தான். ஆளை மாற்றி வைத்தாலும் வினை சுளிக்காமல் அப்படியே நிற்கும். ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியதில்லை. தமிழில் இதைச் செய்திருந்தால் 'சொன்னான்' என்பதை 'சொன்னாள்' என்று திருத்த வேண்டியிருக்கும், கையும் களவுமாக மாட்டியிருப்பாய்.

இன்னொன்று. எக்ஸ் வரிசை நேராக இருக்கிறது. ஆனால் மேலே எழுதியிருக்கும் எழுத்து நடுங்குகிறது. அம்மாவின் கை எப்போதிலிருந்து நடுங்குகிறது?

வினை சரி என்பதால் ஒரு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். வேறு எதையும் என்னிடம் எதிர்பார்க்காதே.

தங்கை


ஜூலை 16

வாலு,

சத்தியமாக எனக்குத் தெரியாது. நீ நம்ப மாட்டாய். உன் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன். இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் நேராக அம்மாவிடம் போய் நின்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"விடைத்தாள்ல நீதான அடிச்ச?"

"தப்பு இருந்துச்சு. திருத்தினேன். இருபத்திரண்டு வருஷம் அதத்தான செஞ்சேன்."

"அம்மா, நாம பேசி வச்சது என்ன?"

"நீ தெனம் அடுப்புப் பக்கத்துல நின்னு அண்ணன் பொய் சொன்னான், அண்ணன் பொய் சொன்னான்னு படிக்கிற. எத்தன நாள் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்? எனக்கும் காது இருக்கு." ஒரு சட்டையை எடுத்து மறுபடியும் பிரித்து மடித்தாள். "அவ ஒவ்வொரு மாசமும் கேக்குறா. பதில் எழுத உக்காருவேன். முட்டி வலி வரைக்கும் எழுதுவேன். அதுக்கு மேல கை போகாது. இது ஒரே வரி. சுலபமா இருந்துச்சு."

அவளே உடைத்த பிறகு நான் எதைக் கட்டிக் காப்பது? கேள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் அப்பாவைக் கிடத்தியிருந்தோம். பத்து மணிக்கு நீ கூப்பிடுவாய் என்று இருவருக்கும் தெரியும். நான் படி இறங்கினேன், அம்மாவும் பின்னாலேயே இறங்கினாள். அந்தக் கோலத்தில் கடை வாசலுக்கு வந்தாள். "ரெண்டு தடவை பறிகொடுத்தவடா அவ. இப்போ சொன்னா எந்திரிச்சு ஓடி வருவா. இதுவும் போச்சுன்னா அவளும் இல்ல. அப்பா நல்லா இருக்காருன்னு சொல்லு" என்றாள். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். சொன்னவரையும் கேட்டவரையும் தவிர யாருக்கும் தெரியாது என்று முதல் கடிதத்தில் எழுதினேனே, அதுவும் பொய். மூன்றாவதாக ஓர் ஆள் என் பக்கத்திலேயே இருந்தாள்.

பிறகு நீ வந்தாய், கத்தினாய், கதவைச் சாத்திக்கொண்டு போனாய். அன்றைக்கு நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "உன்கிட்ட கோவிச்சா நீ தாங்கிப்ப. என்கிட்ட கோவிச்சா என்னால தாங்க முடியாதுடா." தாங்கிக்கொண்டேன். லிஃப்டில் பளு வைத்துச் சோதிப்போம், எவ்வளவு தாங்கும் என்று. ஆறு வருடம் தாங்கியிருக்கிறது.

ஆனால் அம்மாவின் திருத்தத்தில் ஒரு தப்பு இருக்கிறது, அதை நான் திருத்த வேண்டும். அவள் எனக்குக் கொடுத்தது முதல் வாக்கியம் மட்டும். நீ "சாப்டாரா?" என்று கேட்டபோது "சாப்டாரு, தூங்குறாரு" என்று சொன்னது என் சொந்தச் சரக்கு. யாரும் சொல்லித்தரவில்லை. அது எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அண்ணன்


ஜூலை 22

அண்ணா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை நம்பவில்லை. இரண்டாம் தடவை அம்மாமேல் கோபம் வந்தது, நீ எதிர்பார்த்த மாதிரியே. மூன்றாம் தடவை, என் மகள் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து என் காலில் பொம்மையை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் இருக்கிறாள் என்பதே உங்கள் பொய்யால்தானோ என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக உங்கள் இருவரையும் இன்னும் அதிகமாக வெறுத்தேன். நான் எழுந்து ஓடி வந்திருப்பேனா? வந்திருப்பேன். அதனால் என்ன? என்னிடம் கேட்டிருக்கலாம் இல்லையா? என் அப்பா, என் வயிறு. என்னைத் தவிர எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தீர்கள்.

முடிவு அம்மாவுடையது. வாய் உன்னுடையது. அந்த இரண்டு வாக்கியத்தை நீயே ஒத்துக்கொண்டதால்தான் மற்றதையும் நம்புகிறேன். தப்பிக்க நினைத்திருந்தால் அதை மறைத்திருப்பாய்.

ஒன்று மட்டும் உதைக்கிறது. எழுத்து ஏன் நடுங்குகிறது என்று கேட்டேன். மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய், அதற்கு மட்டும் பதில் இல்லை. ஜூன் பதினேழில் 'அம்மா நலம்'. ஜூலை ஒன்றில் 'அம்மா நலம்'. கடைசிக் கடிதத்தில் அந்த வரியையே காணோம். மருந்துச் சீட்டில் கையெழுத்து வாங்குவதாக வாய் தவறி எழுதியிருக்கிறாய். முட்டி வலிக்கு யார் கையெழுத்து கேட்கிறார்கள்? ஆறு வருடம் வாயே திறக்காதவள் திடீரென்று இப்போது ஏன் கணக்குத் தீர்க்கிறாள்?

அன்றைக்குச் சொன்ன அதே வாக்கியத்தில் ஆளை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறாயா? மறுபடியும் யாராவது உன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களா?

பூசி மெழுகாதே. அம்மாவுக்கு என்ன?

தங்கை


ஜூலை 28

வாலு,

எழுதுவதற்கு முன்னால் அம்மா தூங்கிவிட்டாளா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். மத்தியானத் தூக்கம், ஒரு மணி நேரம்தான்.

அம்மா நலமில்லை. இதயத்துக்குப் போகும் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. ஏப்ரலிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகஸ்ட் பத்தாம் தேதி, திங்கட்கிழமை காலையில் அறுவை சிகிச்சை. பிழைத்துக்கொள்வாளா என்று டாக்டரிடம் கேட்டேன். பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது என்றார். மீதிப் பாதியைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "அவளுக்கு வேல, குழந்த, பள்ளிக்கூடம். வந்து என்ன பண்ணப்போறா? முடிஞ்சதும் சொல்லிக்கலாம்." முடிந்ததும் என்கிறாள். நானும் தலையாட்டினேன். மூன்றாம் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டே, உனக்கு 'அம்மா நலம்' என்று எழுதினேன். என்ன ஜென்மமோ நான்.

பத்தாம் தேதிதான் எங்கள் தேர்வும். நான் எழுதப்போவதில்லை. மேற்பார்வையாளர் வேலை வேறு யாருக்காவது போகட்டும்.

அந்தச் சத்தியத்தை இந்தக் கடிதத்தில் உடைத்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டாள். இந்தத் தடவை அவள் கோபத்தைத் தாங்கிக்கொள்கிறேன். உன்னுடையதை இன்னொரு ஆறு வருடம் தாங்க எனக்குத் தெம்பு இல்லை.

உன் முதல் பாடத்தில் ஒன்று எழுதியிருந்தாய். வாக்கியத்தில் எதை எடுத்தாலும் எடுக்கலாம், வினையை மட்டும் எடுக்க முடியாது. சில நேரம் அது ஒன்று இருந்தாலே போதும், ஆளைக்கூடச் சொல்ல வேண்டாம் என்று. எனக்கு முழுதாகப் புரிந்த ஒரே பாடம் அதுதான்.

வா.

அண்ணன்


ஆகஸ்ட் 3

அண்ணா,

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். மகளும் வருகிறாள். இந்தக் கடிதம் உனக்கு வியாழக்கிழமை கிடைக்கும் என்று தபால்காரர் சொன்னார். அவரையும் மூன்று தடவை குறுக்கு விசாரணை செய்துவிட்டேன். சந்தேகம் எனக்குத் தொற்றுவியாதியாகிவிட்டது.

உன் கம்பெனி முகவரிக்கு அனுப்புகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது, கீழே வருகிறது.

தேர்வை எழுது. காலையில் அம்மாவை உள்ளே கொண்டுபோகும்வரை நீ இரு, அதற்குப் பிறகு நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன். இருவரும் சேர்ந்து கதவை முறைத்துக்கொண்டு இருப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆசிரியர் எண் 6 சொல்கிறேன், நீ தேறிவிடுவாய். 'எழுதுவேன்' என்பதற்கும் 'எழுத முடியும்' என்பதற்கும் வித்தியாசம் கண்டுபிடித்தவன் மற்ற ஏழு பேரில் ஒருவன்கூட இல்லை. நான் அவர்கள் தாளையும் திருத்துகிறேன், மறந்துவிடாதே.

நேற்று முழுவதும் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். முட்டி வலி எப்படி, இங்கே மழை இல்லை, குழந்தை உயரமாகிவிட்டாள். அதற்கு மேல் எனக்கும் கை போகவில்லை. கிழித்துப் போட்டேன். நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது நான் கேட்கப்போவதை யோசித்து, தயங்கி, வேறு வழி தெரியாமல் கேட்கிறேன். நான் வருவதை அம்மாவிடம் சொல்லாதே. தெரிந்தால் வர வேண்டாம் என்று தந்தி அடிப்பாள், அடம்பிடிப்பாள், ரத்த அழுத்தம் ஏறும், சிகிச்சையைத் தள்ளிப்போடுவார்கள். வெள்ளிக்கிழமை கதவைத் தட்டும்வரை அவளுக்கு எதுவும் தெரியக் கூடாது. மூன்று நாளாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், இதுதான் அவளுக்கு நல்லது. எனக்கே சிரிப்பு வந்தது, பிறகு அழுதேன்.

அவள் உன்னைக் கேட்பாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "அவளுக்குச் சொல்லிட்டியா?" என்பாள். இல்லை என்று சொல். 'நன்றாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், ஒன்றும் தெரியாது' என்று சொல். எப்படிச் சொல்வது என்று உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பின்னால் யாராவது கேட்டால், அதைச் சொல்லச் சொன்னது நான்.

வாலு